வழித் துணையாக ஒரு குளிர்ப்பெட்டி

விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் குடும்ப சமேதராய் மோட்டாரில் யாத்திரை புறப்படுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. ஒரு தலைமுறைக்கு முன்னால் விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் ஏறும்போது கட்டுச்சாதக் கூடையும் தண்ணீர்க் கூஜாவும் இருந்தால் போதும். புளியோதரை இரண்டு நாள் தாங்கும். தயிர்ச் சாதம் புளிக்காமலிருக்கப் பாலை மிகுதியாக விட்டுப் பிசைவார்கள். பழுதுபடும் பொருளை வழியில் கொண்டுபோகும் எண்ணமே அக்காலத்தார்க்குக் கிடையாது. இக்காலத்தில் நம்முடன் வரும் சாமான்களில் சில, குளிர்ச்சி இல்லாவிட்டால் கெட்டுப் போகின்றவை. சில, கெட்டுப் போனதை வெளியே காட்டாமலே கெட்டுப் போகின்றவை. இரண்டாவது வகைதான் பொல்லாதது.

சென்ற மாதம் திண்டிவனத்திலிருந்து ஒரு சகோதரி நமக்கு எழுதியிருந்தார். அவருடைய மாமனாருக்கு நீரிழிவு; தினம் இருவேளை இன்ஸுலின் போட்டுக்கொள்கிறார். கோடை விடுமுறையில் தஞ்சாவூர், இராமேசுவரம், கன்னியாகுமரி என்று பத்து நாள் காரிலேயே போய்வர உத்தேசம். மருந்தைப் பத்திரமாகக் கொண்டுபோக ஒரு பெட்டி வாங்கலாமென்று விழுப்புரத்தில் கடைக்குப் போனார்களாம். கடைக்காரர் இரண்டு பெட்டிகளைக் காட்டினார். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன; இரண்டையும் காரில் சிகரெட் கொளுத்தும் துளையில் சொருகலாம். ஆனால் ஒன்றின் விலை மற்றொன்றைப்போல் நான்கு மடங்கு. "என் கணவர் குறைந்த விலைப் பெட்டி போதும் என்கிறார். காலேஜில் படிக்கும் பெண் கூடாது என்கிறாள். மாமனாரோ, இதெல்லாம் எதற்கு, ஐஸை வைத்துக் கட்டிக்கொண்டு போனால் ஆகாதா என்கிறார். யார் சொல்வது சரி?" என்று கேட்டிருக்கிறார்.

மூவரில் ஒருவர் சொல்வது முற்றும் தவறு. மற்ற இருவர் சொல்வதும் ஒரு நிபந்தனையின்மேல் சரி. அது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் எதற்காகக் குளிர்ச்சி வேண்டும் என்பதை வீட்டிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். சோடாவும் தர்ப்பூசணியும் சில்லென்று இருக்க வேண்டுமென்பதற்காகப் பணத்தைச் செலவிடுவது வீண். திண்டிவனத்துச் சாலையோரத்தில் கோடையில் குவித்து வைத்திருக்கும் தர்ப்பூசணியும், விக்கிரவாண்டிப் பக்கத்து நுங்கும், எந்தப் பெட்டியும் இல்லாமலே தாகம் தீர்க்கும். கைக்குழந்தைக்கு வேண்டிய பால், மரக்காணத்தில் வாங்கிய மீன், சர்க்கரை நோயாளியின் மருந்து, இவற்றுக்குத்தான் உண்மையில் குளிர்ச்சி வேண்டும். இவற்றிலும் மீனுக்கு ஐஸில் புதைந்து கிடப்பது நல்லது. பாலுக்கு நாலைந்து டிகிரி போதும். இன்ஸுலினுக்கோ இரண்டு பக்கமும் வேலி உண்டு. பிரிக்காத புட்டி 2 டிகிரிக்குக் கீழும் போகக்கூடாது, 8 டிகிரிக்கு மேலும் ஏறக்கூடாது. உபயோகத்துக்கு எடுத்த புட்டியைச் சாதாரணமாக 30 டிகிரிக்கு உட்பட்ட அறையில் சுமார் நான்கு வாரம் வைத்திருக்கலாம். மருந்துக்கு மருந்து இது சற்று மாறும். உடன் வரும் தாளில் அச்சிட்டிருப்பார்கள். ஆனால் கோடையில் மூடிய காருக்குள் 30 டிகிரிக்கு எங்கே போவது? வெளியே நாற்பது இருக்கும்போது வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் ஐம்பதைத் தாண்டிவிடும்.

சூடுதான் சத்துரு என்று நினைத்துக்கொண்டு குளிரை மிஞ்சவிடுகிறவர்களும் உண்டு. நம் தெருவில் ஒரு பெரியவர், தாசில்தார் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு கல்யாணத்துக்காக மதுரைக்குப் போனார். இன்ஸுலின் புட்டிகளைத் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் கட்டிகளின் நடுவே புதைத்து, வெகு கவனமாக எடுத்துப் போனார். இரவில் அந்த மருந்து உறைந்து, காலையில் மறுபடி இளகிவிட்டது. பார்வைக்குப் பளிங்குபோல் தெளிவாகவே இருந்தது. வேளை தவறாமல் ஊசி போட்டுக்கொண்டார்; சர்க்கரை மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. நான்காம் நாள் நாக்கு வறண்டு, தலை சுற்றி, கல்யாண வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி ஆயிற்று. உறைந்த இன்ஸுலின் வீரியம் இழந்துவிடும் என்பதையும், அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது என்பதையும் டாக்டர் சொல்லித்தான் அவர்கள் அறிந்தார்கள். நல்ல வேளையாகப் பிழைத்துக்கொண்டார்.

இந்த அபாயத்துக்குப் பரிகாரத்தைக் கண்டுபிடிக்க வேறெங்கும் போகவேண்டாம்; கிராமத்துக்கு வரும் சுகாதார நர்ஸ் அம்மாளைக் கேட்டால் போதும். 1985-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியத் தடுப்பூசித் திட்டத்தில், அவர் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வரும் சிறு பெட்டி மின்சாரம் இல்லாதது. தடித்த சுவர், இறுக்கமான மூடி, உள்ளே நான்கு புறமும் நான்கு ஐஸ் பொட்டலங்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பொட்டலங்களை உறைநிலைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் வைக்கமாட்டார். வெளியே பரப்பி, மேலே வியர்வை அரும்பும்வரை காத்திருப்பார். பிறகு ஒன்றைக் காதருகில் பிடித்துக் குலுக்கிப் பார்ப்பார். உள்ளே தண்ணீர் தளும்பும் ஓசை கேட்டால்தான் பெட்டிக்குள் போகும். காரணம் எளிது. அப்போதுதான் எடுத்த ஐஸ் பூஜ்யத்துக்கும் வெகு கீழே, பதினைந்து இருபது டிகிரி தாழ்ந்திருக்கும். அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மருந்து உறைந்துபோகும். ஓரளவு இளகித் தண்ணீரும் கட்டியுமாகக் கலந்திருக்கும் ஐஸோ பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போகமாட்டாது. சில தடுப்பு மருந்துகளும் இன்ஸுலினைப்போலவே உறைந்தால் பயனற்றவை. அதனால் ஏற்பட்ட ஜாக்கிரதை இது. ஐஸ் பொட்டலத்தை இப்படிப் பக்குவம் செய்து, மருந்தை ஒரு துணியில் சுற்றி, சிறு டப்பாவில் இட்டு, ஐஸைத் தொடாதபடி நடுவில் வைத்தால் மாமனாரின் யோசனை சரியானதே. பாதுகாப்புக்காக ஐஸோடு உப்பைச் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. மரக்காணம் உப்பளத்து உப்பு குல்பி ஐஸ் செய்கிறவர்க்கு உபகாரி. ஐஸும் உப்பும் கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழ் 21 டிகிரி வரைக்கும் இறங்கும். மருந்துப் பெட்டியின் பக்கமே அதை வரவிடக்கூடாது.

குளிர்ப்பெட்டி என்றாலே யந்திரத்தைப்பற்றி விசாரிக்கிறோமே தவிர, சுவரைப்பற்றி யாரும் விசாரிப்பதில்லை. உண்மையில் பெட்டியின் சுவர்தான் பிரதானம். 1833-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியை ஏற்றிக்கொண்டு கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. பிரெடெரிக் டூடர் என்பவரின் வியாபாரம் அது. கப்பல் பூமத்திய ரேகையை இருமுறை கடந்து, நான்கு மாதம் கழித்துச் செப்டம்பரில் வந்து சேர்ந்தபோது ஏறக்குறைய நூறு டன் கரையாமலே இருந்ததாம்! அதில் யந்திரம் ஏது? பாட்டரி ஏது? மரத்தூளும் மரப்பலகையுமே காவல். அந்தப் பனிக்கட்டியைச் சேமிக்கத்தான் சென்னைக் கடற்கரையில் 1842-இல் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதும், இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குவதும் அதுவே. நான்கு மாதம் ஐஸைக் காத்த வித்தையை, நான்கு மணி நேரம்கூடக் காக்கமாட்டாத மெல்லிய பையை வாங்கும்போது நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஆகையால் கடையில் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "சுவர் எத்தனை கனம்?" என்பதாகும். இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை நிரப்பிய சுவர் நாலைந்து சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. மூடியும் அவ்விதமே நிரப்பப்பட்டிருக்க வேண்டும்; வெளியே தடிமனாகக் காட்டி உள்ளே வெறும் காற்றாக விட்டிருக்கும் மூடிகளும் உண்டு, தட்டிப் பார்த்தால் தெரியும். மூடியின் ரப்பர்ப் பட்டையில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அவ்வழியே குளிர்ச்சியும் வழுக்கிப் போகும். மேற்புறம் திறக்கும் பெட்டியே பிரயாணத்துக்கு உகந்தது. குளிர்ந்த காற்று கனமானது. மேலே திறந்தால் கிணற்றுத் தண்ணீர்போல் அடியிலேயே தங்கும். பக்கவாட்டில் கதவு இருந்தால் திறந்த மாத்திரத்தில் கொட்டிப் போகும்.

பெட்டியின் குணத்தை வீட்டிலேயே அளந்தும் பார்க்கலாம். எட்டாம் வகுப்புப் பையனுக்கு வரும் கணக்குதான். ஐந்து கிலோ ஐஸை இட்டு, மூடி, பன்னிரண்டு மணி நேரம் கழித்து உருகிய தண்ணீரை மாத்திரம் வடித்து நிறுத்துப் பாருங்கள். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி உஷ்ணம் வேண்டும். இரண்டு கிலோ உருகியிருந்தால், சுவர்களின் வழியே ஓயாமல் சுமார் 15 வாட் வீதம் உஷ்ணம் உள்ளே நுழைந்திருக்கிறது என்று ஏற்படும். அந்தக் கணக்குப்படி ஐந்து கிலோ ஐஸ் முப்பது மணி நேரம் வரும். நான்கு கிலோ உருகியிருந்தால் பதினைந்து மணிதான். யந்திரப் பெட்டியையும் மின்சாரம் கொடுக்காமல் இப்படியே சோதிக்கலாம். வாங்குவதற்கு முன் கடைக்காரர் இதற்குச் சம்மதிப்பாரா என்றால், சந்தேகமே. ஏற்கெனவே வாங்கிய உறவினரிடம் இரவல் கேட்டுச் சோதிப்பது மேல்.

இனி யந்திரத்துக்கு வருவோம். கடைக்காரர் காட்டிய குறைந்த விலைப் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் பெல்ட்டியே தகடாக இருக்கும். கடிகாரம் செய்யும் தொழிலிலிருந்த ழான் பெல்ட்டியே என்ற பிரெஞ்சுக்காரர் 1834-இல் கண்ட தத்துவம் அது. இரு வேறு உலோகங்கள் சந்திக்கும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறு பக்கம் சுடும். ஓடும் பாகம் ஒரு சிறு விசிறி மாத்திரமே, ஆகவே பழுதுபட அதிகம் இல்லை, விலையும் மலிவு. நம் நாட்டிலேயே கோத்ரெஜ் கம்பெனியார் 2010-ஐ ஒட்டி 'சோட்டுகூல்' என்று ஒரு பெட்டியை இம்முறையில் செய்து, மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊர்களுக்கென்று வெளியிட்டார்கள். எட்டு கிலோவுக்கும் குறைந்த எடை, மேலே திறக்கும் மூடி, 12 வோல்ட் பாட்டரியிலும் ஓடும் வசதி. ஏழைக் குடும்பத்தில் பாலையும் காய்கறியையும் ஓரிரு நாள் காப்பதற்கு என்று யோசித்துச் செய்த, பாராட்டத்தக்க முயற்சி.

ஆனால் இந்தத் தகட்டின் சக்திக்கு ஓர் எல்லை உண்டு. சுற்றிலும் உள்ள காற்றைவிடப் பதினைந்து, மிஞ்சினால் இருபது டிகிரிதான் அதனால் இறக்க முடியும். மார்கழியில் 25 டிகிரி இருக்கும்போது உள்ளே ஐந்து ஆறு காட்டும். கடையிலும் குளிர்சாதன அறையில்தானே ஓட்டிக் காட்டுகிறார்கள்! சித்திரையில் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே காரை நிறுத்திவிட்டுக் காப்பி சாப்பிடப் போகும்போது காருக்குள் 50 டிகிரி, பெட்டிக்குள் முப்பது. பிரிக்காத இன்ஸுலினுக்கு அது போதாது. அன்றியும் அது ஓய்வே எடுக்காமல் ஐந்து ஆம்பியர் வீதம் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். ஆகவே சகோதரியின் கணவர் அபிப்பிராயத்தைத்தான் நாம் முதலில் தள்ளவேண்டியிருக்கிறது. அவர் மன்னிப்பாராக.

சுடரால் குளிர்விக்கும் பெட்டி ஒன்றும் உண்டு. ஸ்டாக்ஹோமில் மாணவர்களாயிருந்த பிளாட்டனும் முன்டர்ஸும் 1922-இல் கண்டுபிடித்தது. மண்ணெண்ணெயிலும் காஸிலும் ஓடக்கூடியது. மின்சாரம் வராத ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு அது வெகு காலம் உதவிற்று. ஆனால் சமதளத்தில் நின்றால்தான் வேலை செய்யும். ஓடும் காருக்குள் சுடரை ஏற்றிக்கொண்டு போவதும் புத்திசாலித்தனமல்ல.

விலை உயர்ந்த பெட்டியில் இருப்பது, வீட்டுப் பிரிட்ஜில் இருப்பதுபோன்ற கம்ப்ரெஸர்தான். 12 வோல்ட்டில் ஓடும்படி உருவத்தைச் சுருக்கிச் செய்தது. டென்மார்க்கின் டான்பாஸ் கம்பெனி வகுத்து, 2010 முதல் ஸீகாப் என்ற பெயரில் நடந்துவரும் கம்ப்ரெஸரும், ஜப்பானில் ஸவாபுஜி கம்பெனியார் செய்யும் ஊஞ்சல்போல் ஆடும் கம்ப்ரெஸரும் இதில் பேர் பெற்றவை. ஆஸ்திரேலியாவின் பாலைவனப் பாதைகளில் நாள்கணக்காய்க் குலுங்கிக்கொண்டே ஓடுகிறவர்களின் வண்டிகளில் இவற்றைப் பார்க்கலாம். அதே நாட்டில், 1890-களில் தங்கச் சுரங்கம் தோண்டப் போனவர்கள், கூல்கார்டி என்ற ஊரில், ஈரச் சாக்கைச் சுற்றிய அலமாரியில்தான் வெண்ணெயைக் காத்தார்கள். நம் வெட்டிவேர்த் தட்டியும் மண்பானையும் செய்யும் அதே வேலை! வறண்ட காற்றில் அது அற்புதமாகப் பலிக்கும். நம்முடைய கடலோரப் புழுக்கத்தில், தண்ணீர் ஆவியாகச் சோம்பும். ஆகையால் திண்டிவனத்தில் மண்பானை தருவது குளிர்ச்சியே தவிர, மருந்துக்குரிய 8 டிகிரி அல்ல. உபயோகத்திலிருக்கும் ஒரு புட்டியை நிழலில் காப்பதற்கு மாத்திரம் ஈரத் துணியும் பானையும் உதவும்.

கம்ப்ரெஸர்ப் பெட்டி, வெளியே எத்தனை உஷ்ணமிருந்தாலும் நாலு ஐந்து டிகிரியைப் பிடித்து நிறுத்திவிடும். வேண்டிய குளிர் வந்ததும் தானே நின்றுவிடும். இங்கேதான் வாங்குகிறவர்கள் கவனிக்கவேண்டிய கணக்கு இருக்கிறது. சிறு பெட்டி ஓடும்போது சுமார் 45 வாட், அதாவது ஏறக்குறைய 4 ஆம்பியர் இழுக்கும். நம் ஊர்க் கோடையில் பாதி நேரம் ஓடுகிறதென்றால் சராசரி 2 ஆம்பியர். இரவு ஒன்பது மணிக்குச் சத்திரத்து வாசலில் காரை நிறுத்தி, காலை ஆறு மணிக்கு எடுத்தால் 18 ஆம்பியர்-மணி போயிருக்கும். சிறிய கார்களின் பாட்டரி மொத்தமே 35 முதல் 45 ஆம்பியர்-மணிதான். அதில் பாதிக்குமேல் எடுத்தால் பாட்டரிக்கும் கேடு, எஞ்சினும் காலையில் உறுமிவிட்டு நின்றுபோகும். பழைய பாட்டரியானால் கேட்கவே வேண்டாம். முன் சொன்ன மலிவுப் பெட்டியோ அதே ஒன்பது மணியில் 45 ஆம்பியர்-மணியைக் குடித்து, பாட்டரியையே வறட்டிவிடும்.

ஆகவே பாட்டரி தாழ்ந்ததும் தானே நின்றுவிடும் காவல் பெட்டியில் இருக்கவேண்டும். மூன்று நிலைகளில் வைக்கும் வசதியுடன் வருகின்றன. கார் பாட்டரியில் ஓட்டுகிறவர்கள் உயர்ந்த நிலையில் வைப்பதே க்ஷேமம். ஆனால் பெட்டி நின்றுபோனால் மருந்தின் கதி என்ன? அதற்குத்தான் பகலில் ஓடும்போதே உள்ளே இரண்டு தண்ணீர்ப் புட்டிகளைக் குளிர வைத்திருக்க வேண்டும். கனத்த சுவரும் குளிர்ந்த தண்ணீரும் சேர்ந்து பல மணி நேரம் தாங்கும். தங்கும் அறைக்குள் பெட்டியையே எடுத்துப் போய்ச் சுவர் மின்சாரத்தில் சொருகிவிட்டால் இந்தக் கவலையும் இல்லை. பெரிய பெட்டியைத் தூக்க முடியாது என்பதால்தான் பதினைந்து இருபது லிட்டர்ப் பெட்டிக்கு மேல் குடும்பத்துக்கு வேண்டாமென்கிறோம். ஐம்பது லிட்டர்ப் பெட்டியைச் சாமானோடு இரண்டு ஆண்கள்தான் தூக்கவேண்டும். அதை வாங்கினவர் வீட்டில் அது மாடிப்படிக்கு அடியில் ஊறுகாய் ஜாடிகளுக்குத் துணையாக இருப்பதையே நாம் பெரும்பாலும் பார்க்கிறோம்.

"பெட்டி கெட்டுவிட்டது" என்று சொல்லப்படும் பல சந்தர்ப்பங்களில் பெட்டி கெடவில்லை, கம்பிதான் கெட்டிருக்கும். சிகரெட்டுத் துளையில் சொருகும் முனை, மேடு பள்ளத்தில் குலுங்கித் தளர்ந்துபோகும். தளர்ந்த இடம் சுடும். நீளமான மெல்லிய கம்பியில் வோல்ட் குறைந்து, பாட்டரி நிறைந்திருந்தாலும் காவல் யந்திரம் "தாழ்ந்துவிட்டது" என்று நினைத்துப் பெட்டியை நிறுத்திவிடும். அடிக்கடி பிரயாணம் போகிறவர்கள், மெக்கானிக்கைக் கொண்டு பாட்டரியிலிருந்து கனமான கம்பியை நேராக இழுத்து, பாட்டரியின் பக்கத்திலேயே 15 ஆம்பியர் பியூஸ் ஒன்று போட்டுக்கொள்வது நல்லது. பியூஸ் இல்லாமல் கம்பி இழுக்கச் சம்மதிக்கும் மெக்கானிக்கிடம் காரையே விடாதீர்கள்.

உழைப்பைப்பற்றி இன்னும் சில வார்த்தைகள். கைப்பிடி உடம்போடு சேர்ந்து வார்க்கப்பட்டதா, திருகாணியில் தொங்குவதா என்று பாருங்கள். நிறைந்த பெட்டியைத் தூக்கும்போது முதலில் போவது கைப்பிடிதான். கீலின் அச்சு உலோகமாயிருக்கட்டும். கம்ப்ரெஸருக்கு எத்தனை வருஷம் உத்தரவாதம், அதைச் சரிசெய்கிறவர் சென்னையிலாவது இருக்கிறாரா என்று எழுத்தில் கேளுங்கள். பெட்டி எந்த நாட்டில் ஆனதாயினும், ஒரு ரப்பர்ப் பட்டைக்காக ஆறு மாதம் காத்திருப்பதென்றால் அது உழைக்கும் பெட்டி ஆகாது. காரில் பட்டையால் இறுகக் கட்டிவையுங்கள். கட்டாத பெட்டி திடீரென்று பிரேக் போடும்போது குழந்தைகளின்மேல் வந்து விழும். உஷ்ணக் காற்று வெளியேறும் துவாரத்தைத் தலையணையாலும் ஜமக்காளத்தாலும் அடைக்கக்கூடாது.

இப்போது தீர்ப்பு. ஓரிரு நாள் பிரயாணத்துக்கு, கனத்த சுவருள்ள வெறும் ஐஸ் பெட்டியும், பக்குவம் செய்த ஐஸ் பொட்டலமும், உள்ளே வைக்க ஒரு சிறு உஷ்ணமானியும் போதும், மாமனார் ஜெயித்தார். பத்து நாள் யாத்திரை, அதிலும் பண்டிகைக் காலத்தில் விக்கிரவாண்டிச் சுங்கச் சாவடியில் கார்கள் மணிக்கணக்கில் நிற்கும்போது, தினம் நல்ல ஐஸ் தேடி அலைய முடியாது. கம்ப்ரெஸர்ப் பெட்டி வேண்டும் என்று பெண் சொல்வது சரி. வருஷத்துக்கு ஒருமுறை போகிறவர்கள் அத்தனை பணம் போடவேண்டியதில்லை. இரண்டு மூன்று உறவினர் சேர்ந்து ஒன்றை வாங்கி முறைவைத்துக்கொள்ளலாம். அதையும் 5 டிகிரியில் வைத்து, பொத்தான்களைப் பூட்டிவிடுங்கள். வீட்டில் ஐஸ்கிரீம் பிரியரான பையன் ஒருவன் இருந்தால், பூஜ்யத்துக்குக் கீழ் பதினெட்டில் அமுக்கிவிட்டு, நம் தெருப் பெரியவரின் கதையை மறுபடி நடத்திவிடுவான். அடிப்புறமும் சுவரும் எண் காட்டுவதைவிடக் குளிர்ந்திருக்கும். மருந்து டப்பா துணியில் சுற்றி நடுவிலேயே இருக்கட்டும். ஒரு புட்டியாவது கைப்பையில் தனியாக இருக்கட்டும்.

ஊர் திரும்பியதும் பெட்டியை உலர்ந்த துணியால் துடைத்து, மூடிக்கிடையில் ஒரு மரக்கட்டையைச் செருகி, சற்றே திறந்தபடி வையுங்கள். இறுக மூடி வைத்தால் அடுத்த விடுமுறைக்குள் பூஞ்சணம் படர்ந்து, ரப்பர்ப் பட்டையும் வெடித்துவிடும்.